துடைக்காத வாய்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சலவைக்கூடத்து நீராவியும் சுகம். அங்கே நீயும், உன் வீட்டு பஸ் ஓட்டுநரம்மாவும், என் மருமகள் சுண்டுவும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அத்தான் முந்திக்கொள்வார். நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஹோட்டல் அழுக்கு மூட்டைகளை நிறுக்கிற தராசில் நான் ஏறி நின்றேன். முள் ஓடிய வேகத்தைப் பார்த்துப் பயந்து இறங்கப் போனால், ஏப்ரன் நாடா தட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சொல்லி வைத்த மாதிரி மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"என்னம்மா, இது எந்த ஹோட்டல் மூட்டை?"

"சொந்தச் சரக்குதான் சார். வெந்நீர்ல போட்டுடாதீங்க, சுருங்கிடும்" என்றேன்.

எல்லாம் உன் மகளால் வந்த வினை. நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நின்றால் கிலோ, நடந்தால் கிலோ. ஜூலை மாதம் டாக்டர் சுண்டுவை மறுபடி நிறுப்பார், அதற்குள் ஒரு கிலோ ஏறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார் என்றாயே, அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. (மூன்றாம் நாள் இறங்கியது. தராசு சாட்சி.) குறைமாதத்தில் பிறந்து, மூக்கில் குழாயோடு நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. இரண்டரை வயதில் இன்னொரு குழாயா? நடக்காது. ஜூலைக்குள் ஏறும். நான் சொல்கிறேன்.

இத்துடன் ஒரு டஜன் கைத்துண்டு அனுப்புகிறேன். ஹோட்டலில் கழித்துவிட்ட நல்ல பருத்தித் துணி. வெளுத்து, நாலாக வெட்டி, ஓரம் தைத்தது நானே. ஊட்டும்போது பக்கத்தில் வைத்துக்கொள். நம் வீட்டு வழக்கம் தெரியுமல்லவா? கறை காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். காய்ந்த கறை, பெட்டியோடு வந்து இறங்கிய உறவுக்காரர் மாதிரி. லேசில் கிளம்பாது.

போனில் பதில் சொல்லாதே, எழுது. போனில் நீ 'ம்', 'ம்' என்றே தப்பித்துக்கொள்கிறாய். வெறும் 'ம்' எழுதி அதற்கு யாரும் தபால்தலை ஒட்ட மாட்டார்கள்.

சுண்டுவின் பாதத்துக்கு இரண்டு முத்தம்.
உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் துண்டுகளும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உன் தம்பி பெண்டாட்டி விடியும் முன்னே பஸ் எடுக்கப் போய்விடுவதால் காலைச் சாப்பாடு என் பொறுப்பு. நான் லிஃப்ட் வேலைக்குக் கிளம்புவது அதற்குப் பிறகுதான். கஞ்சியை இரண்டு முறை வடிகட்டுகிறேன். ஒரே ஒரு பருக்கை தப்பி வந்தாலும் சுண்டு குமட்டிவிடுகிறாள். நாற்காலியில் உட்கார வைத்தவுடனே அவள் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்கின்றன. முதல் கரண்டி போகும். இரண்டாவது பாதி போகும். மூன்றாவதில் வாய் பூட்டிக்கொள்ளும். இத்தனை லிஃப்ட் கதவுகளைத் திறந்திருக்கிறேன். இந்தக் கதவுக்கு அவசரச் சாவி கிடையாது.

துண்டுகள் மிக நன்றாக இருக்கின்றன. நீ எனக்குச் செய்தது போலவே ஒவ்வொரு கரண்டிக்கும் உடனுக்குடன் துடைத்துவிடுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கன்னத்தில் கஞ்சி காய்ந்துபோய் என் மகள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சாப்பிடப் பழக்கும் ஒரு பெண்மணியிடம் போகும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சின்ன அறை, நிறைய கரண்டிகள். நாங்கள் அவருக்கு 'ஸ்பூன் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டோம். சாப்பிடுவதற்கு ஒரு டீச்சரா என்று எனக்குச் சந்தேகம்தான். போய்ப் பார்க்கிறோம்.

அத்தானுக்கு என் வணக்கம்.
தம்பி


பிப்ரவரி 7

அருமைத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் அத்தானின் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது. வானிலை அறிக்கைக்குப் பதில் வீட்டில் அவர் இருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. அந்த நாலில் ஒன்றை இரண்டு தரம் படித்தவள் நான். சுண்டுவுக்குப் பசி தெரியவில்லை. நீ வடிகட்டி, ஊதி, கெஞ்சி, பாட்டுப் பாடிக் கொடுத்தால் ராணியம்மாவுக்குப் பசி எதற்கு? பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வேளை கேட்காதே. இரண்டாம் வேளையும் கேட்காதே. மூன்றாம் வேளைக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிறவளின் மகன் இப்படித்தான் வழிக்கு வந்தான். இன்று அவன் தட்டில் கையை விட்டால் விரல் திரும்பி வராது.

ஸ்பூன் டீச்சர் என்ன சொல்கிறார்? கரண்டியை எப்படிப் பிடிப்பதென்று சான்றிதழ் கொடுப்பாரா? கொடுத்தால் உன் அத்தானுக்கும் ஒன்று வாங்கு. சட்டையெல்லாம் குழம்பு.

இன்னும் இரண்டு டஜன் துண்டு அனுப்பியிருக்கிறேன். தாராளமாகத் துடை.

நீயும் வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகமாகிவிட்டது, அதனால்தான் பதில் தாமதம்.

நீ சொன்னபடி பட்டினி போட்டுப் பார்த்தோம். இரண்டாம் வேளையும் அவள் கேட்கவில்லை. மூன்றாம் வேளை சுருண்டு படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், கையில் ஊசி குத்திச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். பத்தும் பறந்தது எங்களுக்குத்தான். இருந்த எடையிலும் கொஞ்சம் குறைந்துவிட்டது. உன்மேல் தவறில்லை. நானும் அது நடக்கும் என்றுதான் நம்பினேன்.

ஸ்பூன் டீச்சரிடம் போய்க்கொண்டிருக்கிறோம்.

துண்டுகள் வந்தன. நன்றி. இனி அனுப்ப வேண்டாம், போதுமான அளவு இருக்கிறது.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

ஊசி என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பழமொழி சொன்னவன் கையில் கிடைத்தால் கொதிநீர்த் தொட்டியில் முக்கி எடுப்பேன். பிறகு என்னையும். இனி பட்டினி என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஜூலைக்குள் ஏறும். எப்படி என்று கேட்காதே. அதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

சரி, உன் கடிதத்தில் வேறொன்று உறுத்துகிறது. ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறாய், எழுதியது ஒரு கை அகலம். ஸ்பூன் டீச்சரிடம் போய்க்கொண்டிருக்கிறோமாம். போய்? அந்தம்மா வாயே திறப்பதில்லையா? துண்டு வேண்டாமாம். இருபத்தாறு வருஷமாகச் சலவை செய்கிறேன், துண்டு போதும் என்று சொன்ன மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்கத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வாத்து தைத்து அனுப்புகிறேன். முதல் நாலு வாத்தும் கொஞ்சம் செருப்பு மாதிரி இருக்கும். ஐந்தாவதிலிருந்து மூக்கு வந்துவிட்டது.

அந்தம்மா என்ன சொன்னார் என்று முழுசாக எழுது. உன் வேலை, உன் உடம்பு பற்றியும் எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 16

மதிப்பிற்குரிய அண்ணிக்கு வணக்கம். நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே?

உங்கள் தம்பி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அவர் எழுத மாட்டார். நாலு தடவை காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, 'அக்காவுக்கு வணக்கம்' என்று எழுதி, எழுந்து போய்க் குழாய்க்கு வாஷர் மாற்றினார். எங்கள் வீட்டில் இப்போது எந்தக் குழாயும் ஒழுகுவதில்லை.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேராகப் போனால்தான் நிறுத்தத்துக்கு வந்து சேருவேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஸ்பூன் டீச்சர், வீட்டில் ஊட்டுகிற மாதிரியே ஊட்டிக் காட்டச் சொன்னார். இவர் ஊட்டினார், துடைத்தார். ஊட்டினார், துடைத்தார். அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு வாய்க்கும் ஏன் துடைக்கிறீங்க?" என்றார்.

"எங்க வீட்டுல அப்படித்தாங்க. அக்கா சலவைக்கூடத்துல இருக்காங்க" என்றார் இவர், பெருமையாக.

அந்தம்மா கஞ்சியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். கரண்டியையும் எடுத்துவிட்டார். மேஜைமேல் வெறும் துண்டை மட்டும் வைத்து, மெதுவாகச் சுண்டு பக்கம் தள்ளினார். அண்ணி, சாப்பாடே இல்லை. வெறும் துணி. சுண்டு வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் காதுவரை ஏறிவிட்டது.

பிறகு அந்தம்மா விளக்கினார். பிறந்த புதிதில் மூக்குக் குழாயைக் கன்னத்தில் பசைநாடாவால் ஒட்டியிருந்தார்களே, அதை மாற்றும்போதெல்லாம் உரித்தார்கள். சளி உறிஞ்ச வாய்க்குள் இன்னொரு குழாய் விட்டார்கள். பால் குழாய் வழியாகத் தானாக வயிற்றுக்குப் போனது, வாய்க்கு வரவே இல்லை. மற்ற குழந்தைகளுக்கு முதல் மாதங்களிலேயே வாய் என்றால் பால், சூடு, அம்மா என்று பழகிவிடுகிறது. இவளுக்கு வாய்ப் பக்கம் வந்த கையெல்லாம் வலிக்க வைத்த கைதான். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். ஆனா சாப்பாட்டைவிட துடைக்கறதுக்குத்தான் இவ அதிகமா பயப்படறா" என்றார். கரண்டி வந்தால் பின்னாலேயே துணி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. துணியைத் தள்ளிப்போட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, கரண்டியை வாங்காமல் இருப்பது.

இனி துடைக்கக் கூடாது. அவளாகத் தொட்டு, பிசைந்து, பூசிக்கொள்ளட்டும் என்றார். ஊட்டவும் கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாம் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இதை உங்களிடம் சொன்னால் நீங்கள் மனம் நொந்துபோவீர்கள் என்று இவர் துண்டுகளை எல்லாம் தன் கருவிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். வாத்துத் துண்டு வந்த அன்று ராத்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நீங்கள் கெட்டது நினைத்தா செய்தீர்கள்? எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.
உங்கள் தம்பி மனைவி


மே 21

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

நலம். கடிதம் கிடைத்தது.

இங்கே வெயில் கடுமை. பெரிய உலர்த்தி பழுதாகி நாலு நாள் வேலை நின்றது. இப்போது சரியாகிவிட்டது. அத்தான் நலம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. உறையைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டேன். திட்டியாவது எழுது.

சொல்லாமல் இருந்தது என் தப்பு. உனக்காகத்தான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. துடைத்தது என் கை. நீ இங்கே இருந்திருந்தால், அவள் தோள் ஏறுவதை என்னைவிட முன்னால் பார்த்திருப்பாய்.

ஊசிக்குப் பிறகு ஊட்டாமல் விடப் பயந்து தள்ளிப்போட்டோம், இந்த மாதம்தான் சமையலறைத் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறோம். சுண்டு நாற்காலியில் இல்லை, தரையில். நடுவில் வேகவைத்து மசித்த பூசணி. முதல் வாரம் கிட்டவே வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு விரலால் தொட்டு, என் சட்டையில் துடைத்தாள். மூன்றாம் வாரம் ஐந்து விரலும் என் சட்டையில்தான். நான் என் கைகள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். உண்மையாகவே. அவ்வளவு அரிக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சத்துப் பாலை மட்டும் அவளே குவளையில் குடித்துக்கொள்கிறாள், விரிப்பில் இருப்பது இன்னும் வாய்க்குப் போகவில்லை. ஆனால் தோள் கீழே இறங்கிவிட்டது.

எடையைப் பற்றித்தான் பயம். ஜூலை ஒன்பதாம் தேதி நிறுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மாட்ட ஐந்து வாரம் என்னை வெளியூர் அனுப்புகிறார்கள், மறுக்க முடியாது. பஸ் ஓட்டுநரம்மாவுக்கு விடுப்பு தீர்ந்துவிட்டது. காலை வேளைக்கு யாராவது ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்துவிடும், நீ கவலைப்படாதே.

அத்தானுக்கு வணக்கம்.
தம்பி


ஜூன் 4

அட என் மறைப்பு மன்னா,

சுகம். உன் அத்தானும் சுகம், நான் பேச ஆரம்பித்துவிட்டேன் என்று அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். கனமான முகம், தூக்கித் தூக்கிக் கழுத்து வலி. உன் பெண்டாட்டியின் கடிதத்தைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. துடைக்கிறது ஒரு குற்றமா? உலகத்தில் எந்த அம்மாதான் துடைக்கவில்லை? அப்புறம் அந்த வெறும் துண்டு வந்து கண்முன் நின்றது. அதன் ஓரத்தைத் தைத்தது நான். பார்த்ததும் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைக்காமல் வேலைக்குக் கிளம்பினேன். பார்ப்போமே, அப்படி என்ன ஆகிவிடும் என்று. தெருமுனை தாண்டுவதற்குள் முகமெல்லாம் முட்டையாகிவிட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "அக்கா, வாயோரத்துல..." என்றாள். "தெரியும்மா, வேணும்னுதான்" என்றேன். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். கூடத்து வாசல்வரை தாக்குப் பிடித்தேன். உள்ளே நுழைந்ததும் கை தானாகப் போய்விட்டது. என்ன செய்ய, எனக்குத் தெரிந்த பாசமெல்லாம் ஈரத்துணியோடுதான் வரும்.

சரி, ஆள் தேடுகிறீர்களாம். இங்கே ஒரு குண்டுப் பெண்மணி இருக்கிறாள். கேட்காமலே வருவாள், சம்பளம் கிடையாது, குறட்டை உண்டு. மேற்பார்வையாளரிடம் ஐந்து வாரம் விடுப்பு கேட்டேன். "யார் வீட்டுல விசேஷம்?" என்றார். "ஒரு பிள்ளை அழுக்காகப் போகுது, பார்த்துட்டு வரேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை வருகிறேன். துண்டு கொண்டுவரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா


ஜூன் 24

அன்புத் தம்பிக்கு, உன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே சாப்பாடு எப்படி? உயரத்தில் வேலை, தலையைச் சுற்றினால் இறங்கிவிடு. கௌரவம் பார்க்காதே.

முதல் வாரம் எனக்குச் செத்துப் பிழைத்த மாதிரி. சுண்டு கேரட் மசியலை எடுத்துக் கன்னத்தில் பூசுகிறாள், புருவத்தில் பூசுகிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேரட் கறை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். ஏப்ரன் பைக்குள் ஒரு ஈரத்துணியை வைத்துக்கொண்டு, கை துடிக்கும்போதெல்லாம் அதைப் பிழிகிறேன். பையிலிருந்து சொட்டிச் சொட்டிக் காலடியில் குளம். உன் பெண்டாட்டி பார்த்துவிட்டு, "அண்ணி, டாக்டர்கிட்ட காட்டுவோமா? வெட்கப்படாதீங்க" என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பூன் டீச்சர் சொன்னபடி நான் பாட்டுக்குச் சாப்பிடுகிறேன், அந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. போன திங்கட்கிழமை சுண்டு என் தட்டிலிருந்து ஒரு விரல் பூசணியை எடுத்து என் வாயருகே நீட்டினாள்.

"அத்த, ஆ!"

வாங்கிக்கொண்டேன். இன்னொன்று. வாங்கிக்கொண்டேன். பாதி என் மூக்குக்குள் போனது. துடைக்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அத்தை முகத்திலும் அழுக்கு, அத்தை அழவில்லை, துணி எதுவும் வரவில்லை. மூன்று நாள் இப்படியே எனக்கு ஊட்டினாள். வியாழக்கிழமை எனக்கு ஊட்டிவிட்டுக் கட்டைவிரலில் ஒட்டியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயில் வைத்துச் சப்பினாள்.

உன் பெண்டாட்டி அன்று மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பி, சீருடையோடு வாசல்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தாள். அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. சத்தம் போடக் கூடாது, கை தட்டக் கூடாது, பெரிசு பண்ணக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. நான் அடுத்த வாயைச் சாப்பிட்டேன். சுண்டு மறுபடி விரலைத் தொட்டாள், மறுபடி சப்பினாள். "பூணி" என்றாள். பூசணியாம்.

நான் மெதுவாக எழுந்து குளியலறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, என் உடம்பு அனுமதித்த அளவுக்கு ஆடினேன். வெளியே வந்தால் உன் பெண்டாட்டி அடுத்து நிற்கிறாள், அவளும் ஆட வேண்டுமாம். அன்றைக்கு அந்த பஸ் ஐந்து நிமிஷம் தாமதம். பயணிகள் திட்டினார்களாம். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாளாம்.

ஒரு விரல் ஒரு கிலோ ஆகிவிடாது, தெரியும். ஆனால் வழி திறந்துவிட்டது. ஜூலைக்குள் ஏறும்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பன்னிரண்டாம் மாடியில், பாதி மாட்டிய லிஃப்ட் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். உடன் வேலை செய்பவன், "என்ன அண்ணே, அழறீங்களா?" என்றான். கம்பித் தூசி என்றேன். "நாம இன்னும் கம்பியே அறுக்கலையே" என்றான்.

நான் நலம். சாப்பிடுகிறேன். நேற்று வாயைத் துடைக்காமல் சாப்பிட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி, கஷ்டம்.

ஒன்பதாம் தேதி என்னால் வர முடியாது. வேலை முடியப் பத்தொன்பது ஆகிவிடும். நிறுக்கும்போது நீ அவள் பக்கத்தில் நில். அது போதும்.

தம்பி


ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம், ஒருத்தியைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் பெண்டாட்டி நேற்றே போனில் எடையைச் சொல்லியிருப்பாள். எடையை மட்டும்தான் சொல்லியிருப்பாள், அவள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பேசுகிறவள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

காத்திருக்கிற அறையில் உன் பெண்டாட்டி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். இரண்டும் ஒரே பயம்தான். உள்ளே கூப்பிட்டார்கள். தராசில் சுண்டுவை உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், முள்ளைப் பார்க்கவில்லை. தராசு முள்ளுக்கும் எனக்கும் ஆகாது. டாக்டர் பார்த்தார், எழுதினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கிலோ கேட்டேன். எண்ணூறு கிராம்தான் ஏறியிருக்கு."

எனக்கு வாய் கட்டிவிட்டது. என் வாயே கட்டிவிட்டது என்றால் பார்த்துக்கொள். உன் பெண்டாட்டி மட்டும் நிதானமாக, "மீதி இருநூறும் இவ சட்டையில இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டர் சுண்டுவின் சட்டையைப் பார்த்தார். காலையில் சாப்பிட்ட வாழைப்பழம், அதன்மேல் முட்டை, அதற்கு அடியில் முந்தின நாள் பூசணி. அடுக்கடுக்காக இருந்தது. பிறகு ஸ்பூன் டீச்சர் எழுதி அனுப்பியதைப் படித்தார். "தானா எடுத்துச் சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"எடுத்து எங்களுக்குத் தரா. மிச்சத்தை அவ சாப்பிடறா" என்றேன்.

"அப்ப குழாய் வேண்டாம். இப்படியே போகட்டும். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அவ்வளவுதான் தம்பி. குழாய் இல்லை. உன் பெண்டாட்டி வாசல்வரை நேராக நடந்து வந்தாள். வெளியே வந்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என் தோளில் இடத்துக்கா பஞ்சம்? நன்றாக அழு என்றேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இருவரும் அப்படியே பஸ் ஏறினோம்.

மேற்பார்வையாளரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கிவிட்டேன், பத்தொன்பதாம் தேதி நீ வரும்வரை இங்கேதான் இருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பி.கு: அந்த ஒருத்தி விஷயம். நேற்றுச் சாயங்காலம் சுண்டு முதன்முதலாகக் கெட்டியான பொருளைக் கடித்தாள். ரஸ்க். ஓரத்தைக் கடைவாயில் வைத்து ரொம்ப நேரம் அரைத்தாள். ஒரு மூலை உடைந்தது. மென்றாள், விழுங்கினாள், குமட்டவில்லை. மீதியை என் பக்கம் நீட்டி, "அத்த, ஆ!" என்றாள். மறுக்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. கடித்தேன். முன்பல் ஒன்று ரஸ்க்கோடு போய்விட்டது. சுண்டு ரஸ்க்கைத் திருப்பி வாங்கி, அதில் குத்திக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கி, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீதியைச் சாப்பிட்டாள்.